மெஷினில் பச்சை, டயரில் தேய்மானம்

ஷார்ஜாவின் தொழிற்பேட்டைகளில் பிக்கப் வண்டிகளை உயர்த்தும் வேலை அக்டோபரில் சூடுபிடிக்கும். 45 டிகிரியைத் தாண்டிக் கொளுத்திய வெயில் தணிந்து, மணல்மேட்டில் மனிதர்கள் இறங்கி நிற்க முடிகிற காலம் அதுதான். முன்னால் நீளமான ஸ்பிரிங், பின்னால் கூடுதலாக ஒரு பட்டை, நான்கு மூலையிலும் பெரிய டயர் என்று வண்டிகள் இரண்டு அங்குலம் உயர்ந்து வெளியே போகும். அதே வண்டிகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் திரும்பி வரும். அப்போது வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: புது டயர் ஏன் ஒரு பக்கமாகத் தின்கிறது?

அந்த நான்கு மாதங்களில் வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் மேஸ்திரி. சங்ககிரிக்காரர். 1990களின் தொடக்கத்தில் ஷார்ஜாவுக்குப் போய், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே அலைன்மென்ட் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவைப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். ஹெல்ப்பர் பையன்கள் முதல் வாடிக்கையாளர்கள் வரை எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான்.

வண்டி கடைக்குள் நுழைந்ததும் அவர் மெஷின் பக்கம் போக மாட்டார். முன் டயர் அருகே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைப் பட்டன்மேல், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளின்மேல் வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தேய்ப்பார். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற டயர்கூட ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல்லாகவும் கையில் தட்டும். உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது தட்டினால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே குவிந்திருக்கிறது, அதாவது டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தள்ளும்போது தட்டினால் டோ-அவுட். "மெஷின் இன்னைக்கு வண்டி எப்படி நிக்குதுன்னு சொல்லுமுங்க. போன மூணு மாசமா எப்படி ஓடுச்சுன்னு டயர்தான் சொல்லோணும்" என்பார்.

தொழில் கற்றது லாரியில். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் எண்பதுகளின் கடைசியில் ஒரு பையன் பட்டறைக்குப் போனான் என்றால் அநேகமாக லாரிப் பட்டறைக்குத்தான். லாரியின் முன் அச்சு ஒரே உருக்குக் கட்டை. சக்கரம் உள்ளே சாய்வதும் வெளியே சாய்வதும், அதாவது கேம்பர், அந்தக் கட்டையிலேயே தீர்மானமாகிவிடும். திருகிச் சரிசெய்ய முடிந்தது டோ மட்டும்தான். அதற்கு மெஷினும் கிடையாது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் நடுவில் சாக்பீஸ் தேய்த்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதன்மேல் ஆணியால் ஒரு மெல்லிய கோடு இழுப்பார்கள். இரண்டு டயரிலும் கோடு போட்டு வண்டியை இறக்கி, கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தி, டயரின் முன்பக்கத்தில் கோட்டுக்குக் கோடு ஒரு அளவு, பின்பக்கத்தில் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. பெரிய மேஸ்திரி ஒருவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, பையன் மறுமுனையைப் பிடிப்பான். அந்தப் பையனாக இருந்த காலத்தில்தான் மில்லிமீட்டரின் மதிப்பு தெரிந்தது என்கிறார் மேஸ்திரி.

அந்த மதிப்பைக் கணக்காகவே சொல்லலாம். ஒரு சக்கரம் போகும் திசைக்கு அரை டிகிரி கோணலாக நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. ஷார்ஜாவிலிருந்து அபுதாபிக்குத் தினமும் போய்வருகிற வண்டி என்றால் மாதக் கடைசியில் எவ்வளவு ரப்பர் சாலையில் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். கேம்பர் தவறினால் டயர் மெதுவாகத் தேயும். டோ தவறினால் வேகமாகத் தேயும். வண்டியை உயர்த்தும்போது இரண்டுமே நகர்கின்றன.

மேஸ்திரி ஷார்ஜா போன புதிதில் அங்கே ஓடிய பிக்கப்புகளில் பலவற்றுக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நிசான், மிட்சுபிஷி வண்டிகளில் டார்ஷன் பார் என்னும் நீண்ட முறுக்குக் கம்பிதான் முன்பக்க எடையைத் தாங்கியது. கம்பியின் கடைசியில் ஒரு போல்ட். அதைத் திருகினால் வண்டியின் மூக்கு மேலே ஏறும். ஒரு பைசா செலவில்லாத லிஃப்ட். பிக்கப் வாங்கிய இளைஞர்கள் வரிசையாக வந்து திருகிக்கொண்டு போனார்கள்.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் நீளத்தில் சமமில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வண்டி உயரும்போது இரண்டு ஆர்ம்களும் கீழே தொங்குகின்றன. நீளம் வேறு என்பதால் அவற்றின் முனைகள் வெவ்வேறு வளைவில் நகர்கின்றன. சக்கரத்தின் தலை சாய்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பது அந்தந்த வண்டியின் ஆர்ம் நீளத்தையும் தொங்கும் அளவையும் பொறுத்தது. அந்த டார்ஷன் பார் வண்டிகளில் அவர் அதிகம் பார்த்தது தலை வெளியே சாய்வதைத்தான். டயரின் வெளி ஓரம் மொட்டையாகி, உள் ஓரத்தில் கம்பெனிப் பட்டன் அப்படியே இருக்கும். போல்ட்டைத் திருகிய கடைக்காரர் அலைன்மென்ட்டைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். அடுத்த கடைக்காரர் "டயர் டூப்ளிகேட்" என்று சொல்லியிருப்பார்.

2004இல் டொயோட்டா புதிய ஹைலக்ஸை இறக்கியதும் ஆட்டம் மாறியது. முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் வந்தது. கீழ் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் கேம் போல்ட் வந்தது. அந்த போல்ட்டின் தலையில் மையம் விலகிய ஒரு வட்டத் தகடு இருக்கும். அதைத் திருப்பினால் ஆர்மின் முனை உள்ளேயோ வெளியேயோ நகரும். முன் கேம், பின் கேம் இரண்டையும் சேர்த்து ஆட்டினால் கேம்பரையும் காஸ்டரையும் திருத்தலாம். அலைன்மென்ட் ஆளுக்கு இது வரம். இரண்டு அங்குலம்வரை உயர்த்திய ஹைலக்ஸை இந்த கேம்களை வைத்தே ஓரளவு நேராக்கிவிடலாம்.

சிக்கல் அந்த 'ஓரளவு' என்பதில் இருக்கிறது. வண்டி உயர்ந்ததும் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துபோகிறது. அதை மீட்க கேம்களைத் திருப்பிக்கொண்டே போனால் கேம்பரைத் திருத்த இடம் மிஞ்சாது. கேம்பரைச் சரிசெய்தால் காஸ்டர் கைவிட்டுப் போகும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகிறவர்களிடம் மேஸ்திரி, கோணம் திருத்திச் செய்த மேல் ஆர்மையும் சேர்த்து வாங்கச் சொல்வார். பலர் கேட்டதில்லை. ஸ்பிரிங்கும் டயரும் வெளியே தெரியும். மேல் ஆர்ம் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சாமானுக்குப் பணம் போட ஆளுக்கு மனசு வராது.

கேம் போல்ட்டுக்கு இன்னொரு எதிரி உப்பு. வளைகுடாக் கரையோரத்துச் சப்கா நிலங்களில், உப்புப் படிந்த சேற்றில் இறங்கி ஏறிய வண்டிகளில் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டால் போல்ட் திரும்பாது, ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். அப்படி ஒட்டிய வண்டியில் அவசரக்காரர்கள் டோவை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரியோ போல்ட்டை அறுத்து எடுத்து, புதிய போல்ட்டும் புஷ்ஷும் போட்டு, கிரீஸ் தடவித்தான் முடுக்குவார். வேலை முடிந்ததும் கேம் தகட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார். மணல்மேட்டிலிருந்து வண்டி மூக்கு குத்தி விழுந்து கேம் நகர்ந்திருந்தால், அடுத்த முறை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும்போது அந்தக் கோடு இரண்டாக உடைந்து தெரியும். மெஷினில் ஏற்றாமலே விஷயம் விளங்கிவிடும்.

அல் தைத் ஷார்ஜாவின் உள்நாட்டுப் பகுதியில் உள்ள பாலைவனச் சோலை நகரம். பேரீச்சந் தோட்டங்களும் ஒட்டகப் பட்டிகளும் நிறைந்தது. அங்கிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவரின் ஹைலக்ஸ் மேஸ்திரிக்கு ஒரு பாடம் எடுத்தது. உயர்த்திய வண்டி, நல்ல டயர், அலைன்மென்ட் தாளில் எல்லா எண்ணும் பச்சை, அதாவது எல்லைக்குள். ஆனாலும் முன் டயர் இரண்டும் கையில் ரம்பமாகத் தட்டின. பால் ஜாயின்ட், டை ராட், பேரிங் எதிலும் ஆட்டமில்லை. "அர்பாப், வண்டியில் என்ன ஏற்றுவீர்கள்?" என்று கேட்டபோது, தினமும் காலையில் ஒட்டகம் ஏற்றுவதாகச் சொன்னார் அவர். வளைகுடாவில் இது சாதாரணக் காட்சி. ஒட்டகம் காலை மடக்கிப் பின்தொட்டியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும். வளர்ந்த ஒட்டகம் 400 முதல் 600 கிலோ இருக்கும்.

அவ்வளவு எடை பின்னால் உட்காரும்போது வண்டியின் மூக்கு மேலே எழுகிறது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராட், கம்பெனி உயரத்தில் ஏறக்குறைய படுக்கையாக இருக்கும்; மூக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்கினாலும் டோ பெரிதாக மாறாது. உயர்த்திய வண்டியில் டை ராட் ஏற்கெனவே சரிந்து தொங்குகிறது. அந்தச் சரிவில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் சக்கரத்தைக் கூடுதலாகத் திருப்பும். காலி வண்டியில் எடுத்த அளவு காலி வண்டிக்குத்தான் சரி. மேஸ்திரி பக்கத்துக் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து மணல் மூட்டைகளைக் கடன் வாங்கி, ஒட்டகம் உட்காரும் இடத்தில் அடுக்கி, அந்தப் பாரத்தோடு டோவை வைத்தார். அன்றிலிருந்து கடைக்குள் வருகிற ஒவ்வொரு பிக்கப்பிடமும் முதல் கேள்வி அதுதான்: தினமும் என்ன பாரம்? இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கூடாரம், இரண்டாவது டீசல் டாங்க் எல்லாம் நிரந்தரப் பாரம். அவற்றை மாட்டிய பிறகுதான் அலைன்மென்ட். புதிய ஸ்பிரிங் போட்ட வண்டி என்றால் உடனே ஒரு முறை, ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்தபின், சுமார் 1,000 கிலோமீட்டரில், இன்னொரு முறை.

லேண்ட் குரூசர் 79 பிக்கப்பும் பழைய நிசான் பேட்ரோலும் வேறு ஜாதி. அவற்றின் முன் அச்சு லாரியைப் போல ஒரே கட்டை. சங்ககிரியில் படித்தது மேஸ்திரிக்கு அங்கேதான் கைகொடுத்தது. கட்டை அச்சு வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் கேம்பர் மாறாது. இரண்டு சக்கரத்தையும் ஒரே டை ராட் இணைப்பதால் டோவும் அநேகமாக மாறாது. ஆகவே அளவுத் தாளில் கேம்பரும் டோவும் பச்சையாகவே இருக்கும். மாறுவது காஸ்டர். அச்சைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரியும்போது அச்சே முன்பக்கமாக உருண்டு காஸ்டரைத் தின்றுவிடுகிறது. ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாலத்து இணைப்பு ஒன்றில் ஏறி இறங்கினால் முன்பக்கம் முழுவதும் கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும்.

காஸ்டர் நேரடியாக டயரைத் தேய்ப்பதில்லை. அதனாலேயே பல கடைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஆடுகிற சக்கரம் சாலையை ஒரே அழுத்தத்தில் தொடாமல் குதித்துக் குதித்துத் தொடுகிறது. டயரைச் சுற்றி மேடும் பள்ளமுமாகக் குழி விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூடத் தெரியும் அந்தக் குழிகளுக்கு அலைன்மென்ட் மருந்தில்லை. ஷாக் போயிருக்கலாம், பேலன்சிங் விட்டிருக்கலாம், பேரிங் லூசாக இருக்கலாம், புஷ் கிழிந்திருக்கலாம், காஸ்டர் குறைந்திருக்கலாம். ஒரு 79 வண்டிக்காரர் ஆட்டம் தாங்காமல் ஸ்டியரிங் டேம்பரை இரண்டு முறை மாற்றிவிட்டு வந்தார். டேம்பர் ஆட்டத்தை அமுக்கி மறைக்கும், அவ்வளவுதான். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடின் புஷ் நைந்திருந்தது. காஸ்டர் கம்பெனி அளவில் பாதிகூட இல்லை. துளை மையம் விலகிய திருத்து புஷ்களை ஆர்மில் ஏற்றியதும் ஸ்டியரிங் தானே நடுவுக்கு வந்தது. குழி விழுந்த டயர்கள் மட்டும் கடைசிவரை ஊளையிட்டுக்கொண்டுதான் ஓடின. குழி ஒரு முறை விழுந்துவிட்டால் டயர் தன் வட்டத்தைத் திரும்பப் பெறாது.

ஆட்டம் பார்ப்பதற்கு மேஸ்திரிக்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்ற மாட்டார். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்காரும் வண்டி என்றால் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில்தான் கொடுப்பார். சட்டத்தில் கொடுத்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். பால் ஜாயின்ட்டின் ஆட்டம் வெளியே தெரியாது. பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்: ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டுவார்: ஆடினால் டை ராட் முனை அல்லது ஸ்டியரிங் ராக். அப்போது ஹெல்ப்பர் ஜாயின்ட்டின்மேல் விரல் வைத்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. ஆட்டமுள்ள வண்டியை மெஷினில் ஏற்றுவது வீண். அளந்து முடிப்பதற்குள் அளவு மாறியிருக்கும்.

ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வெள்ளை டபுள் கேப் ஹைலக்ஸ் வந்த கதையை அவர் இப்போதும் பையன்களுக்குச் சொல்கிறார். பின்பக்கத்தை உயர்த்த அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு பிளாக் வைத்திருந்தார்கள். ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்று இரண்டு கடைகளில் காட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் முன் சக்கரத்தை மட்டும் அளந்து, ஸ்டியரிங்கை நேராக்க ஒரு பக்கத்து டை ராடை மட்டும் திருகியிருக்கிறார்கள். ஸ்டியரிங் நேராயிற்று, மொத்த டோ கெட்டது, முன் டயர்கள் ரம்பமாயின. மேஸ்திரி டேப்பை எடுத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் ஹைலக்ஸுக்கு உரிய 3,085 மில்லிமீட்டர். வலது பக்கம் 12 மில்லிமீட்டர் குறைவு. பிளாக் வைத்தபோது வலது பக்கத்துச் சென்டர் போல்ட்டின் தலை குழியில் உட்காராமல் இருந்திருக்கிறது. யூ கிளாம்ப்பை மறுமுறை முடுக்காமல் விட்டதில் அச்சு வழுக்கிப் போயிருக்கிறது. பின் அச்சு ஏறக்குறைய அரை டிகிரி திரும்பி, வண்டியை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அச்சைத் திரும்ப உட்காரவைத்து, யூ கிளாம்ப்பை முடுக்கி, அதன் பிறகுதான் முன்பக்கம் போனார். லிஃப்ட் செய்த வண்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ கிளாம்ப்பை மறுபடி முடுக்க வேண்டும் என்பது அவர் கடையில் எழுதப்படாத சட்டம்.

காற்று விஷயம் தனி. அல் பதாயர் மணல்மேட்டுக்கோ மலைஹா பக்கத்து ஃபாசில் ராக்குக்கோ போகிறவர்கள் காற்றை 15 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கிக்கொண்டு மணலில் ஏறுவார்கள். அது சரிதான், டயர் அகலமாகப் படர்ந்தால்தான் மணலில் மிதக்கும். திரும்பும்போது பெட்ரோல் பங்கில் நீண்ட வரிசை. "வீட்டுக்குப் போய் அடிச்சுக்கலாம்" என்று அதே காற்றில் தார்ச்சாலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டினால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், சூட்டில் பக்கச்சுவரும் பலவீனமாகும். அப்படி வரும் டயரில் நடுப்பகுதி புதிதாகவும் இரு தோள்களும் தேய்ந்தும் இருக்கும். அதற்கு அலைன்மென்ட் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் பரிந்துரைத்தது ஒரு கையடக்க கம்ப்ரசர்.

கோடையில் நடப்பது வேறு. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி ஏறினால் டயரின் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். நண்பகலில் ஓடி வந்த சூட்டோடு அளந்து, "காத்து ஜாஸ்தி" என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அதே டயர் குறைவாகக் கிடக்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணும் பெரிய டயருக்குப் பொருந்தாது. அது வண்டியோடு வந்த டயருக்கானது. எல்டி என்று குறியிட்ட கனமான டயர், அதே எடையைச் சுமக்கக் கூடுதல் காற்று கேட்கும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மேஸ்திரி பட்டன்மேல் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு வண்டியைச் சமதளத்தில் நேராக நூறு மீட்டர் ஓட்டச் சொல்வார். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. கோடு முழு அகலத்துக்கும் அழியும்வரை ஏற்றி இறக்கிப் பார்த்து, அந்த எண்ணைப் பெயின்ட் மார்க்கரில் கதவின் உள்பக்கம் எழுதிவிடுவார்.

டயர் பெரிதானால் மீட்டரும் பொய் சொல்லும். ஹைலக்ஸின் 265/65 ஆர் 17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். பலரும் மாற்றிக்கொள்ளும் 285/70 ஆர் 17 டயருக்கு 831. ஒரு சுற்றுக்கு 7 சதவீதம் கூடுதல் தூரம். மீட்டர் 10,000 காட்டும்போது வண்டி 10,700 ஓடியிருக்கும். டயர் இடமாற்றம் மீட்டரைப் பார்த்துச் செய்கிறவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள். அதிலும் சேற்றுக்கான பெரிய கட்டிப் பட்டன் டயர் என்றால், ஒவ்வொரு கட்டியின் ஒரு முனை மட்டும் தேய்ந்து இரைச்சல் போடத் தொடங்கும். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு மீட்டரில் 5,000க்கு ஒரு முறை: பின் டயர்கள் நேராக முன்னால் வரும், முன் டயர்கள் பக்கம் மாறிப் பின்னால் போகும். ஸ்டெப்னியும் அதே அளவு டயர் என்றால் அதுவும் சுற்றில் சேரும். ஒரே திசையில் மட்டும் சுற்றவேண்டிய அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றாமல் முன்னும் பின்னும் மட்டும்.

சாலையும் தன் பங்குக்குத் தேய்க்கும். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் ஊரில் ரவுண்டானாவை இடமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாரம் வலது முன் டயரின் வெளித் தோளில் ஏறும். ஷார்ஜாவின் உள்சாலைகளில் ரவுண்டானாவுக்குப் பஞ்சமில்லை. உயரம் ஏறிய வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். வலது முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, மற்ற மூன்றும் நன்றாக இருந்தால் மேஸ்திரி கேம்பரைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரர் எந்த வழியாக வேலைக்குப் போகிறார் என்று கேட்பார்.

கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. ஆணியும் டேப்பும் போய், சுவரில் ஒளிக்கோடு விழும் கருவி வந்தது. பிறகு சக்கரத்தில் மாட்டும் எலக்ட்ரானிக் தலைகள். பிறகு 3டி கேமரா: சக்கரத்தில் பலகை மாட்டி வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினால் திரையில் எண்கள் வந்துவிடும். அளவு எல்லைக்குள் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. வேலை வேகமாயிற்று. 2022 ஜனவரியில் ஷார்ஜா வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் வார விடுமுறைக்கு மாறியபின் திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் மணல் உதிரும் வண்டிகள் வரிசை கட்டுவதாக, அங்கே இப்போது வேலை பார்க்கும் தென்காசிப் பையன் போனில் சொல்கிறான். அவ்வளவு கூட்டத்தில் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவ யாருக்கும் நேரமில்லை.

பச்சைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை மேஸ்திரி விடாமல் சொல்வார். திரையில் இருக்கும் அளவு, கம்பெனி உயரத்தில், கம்பெனி டயரோடு நிற்கும் வண்டிக்காக நிறுவனம் கொடுத்தது. பச்சையின் ஒரு கரையில் இடது சக்கரமும் மறு கரையில் வலது சக்கரமும் நின்றால் இரண்டும் பச்சைதான், வண்டி இழுக்கும். உயர்த்திய வண்டியில் அவர் தேடுவது இரண்டு பக்கமும் சமமாக இருப்பதையும், டோ சின்னதாக உள்பக்கம் இருப்பதையும், கிடைக்கிற அளவுக்கு அதிகமான காஸ்டரையும். காஸ்டர் எல்லையைக் கொஞ்சம் தாண்டிச் சிவப்பாகத் தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார். அந்தச் சிவப்பை வாடிக்கையாளருக்கு விளக்கத்தான் பாதி நேரம் போகும்.

கோவையில் கடை போட்டபோது உயர்த்திய பிக்கப் இங்கே வராது என்றுதான் நினைத்தார். ஆனால் 2016இலேயே இசுசு வி-கிராஸ் பிக்கப் வந்திருந்தது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் வண்டி. 2022இல் ஹைலக்ஸும் இந்தியாவுக்கு வந்தது. தோட்டக்காரர்களும் எஸ்டேட்காரர்களும் வாங்கினார்கள். சிலர் உயர்த்தவும் செய்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவருக்குத் தெரியும், வருகிறவர்களுக்கும் சொல்கிறார். உயர்த்தும் வேலையை அவர் எடுப்பதில்லை. ஏற்கெனவே உயர்ந்து வந்த வண்டியின் தேய்மானத்தை மட்டும் பார்க்கிறார்.

இங்கே கணக்குகள் திரும்பிவிட்டன. வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. சாலையின் சரிவு இடப்பக்கம் இழுக்கிறது. ரவுண்டானா வலமாகச் சுற்றுகிறது. மணலுக்குப் பதிலாக வேகத்தடை. மலை வேறு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. வாரம் ஒரு முறை வால்பாறை ஏறி இறங்கும் வண்டியில் இரண்டு முன் டயர்களின் வெளித் தோளும் வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதில் பாதி வளைவின் கணக்கு. கேம்பரைத் திருகினால் போகாது. இடமாற்றத்தைச் சீக்கிரமாக்குவதுதான் வழி.

சமீபத்தில் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் இளைஞர் ஒருவர் உயர்த்திய வி-கிராஸோடு வந்திருந்தார். வேறு கடையில் எடுத்த தாளை நீட்டினார். "எல்லாம் பச்சையாத்தான் இருக்குதுங்க மேஸ்திரி. அப்புறம் ஏனுங்க இடது டயர் தின்னுது?" தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட மேஸ்திரி, ஹெல்ப்பரை ஜாக்கி எடுத்துவரச் சொன்னார். கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது இடது மேல் பால் ஜாயின்ட்டில் ஹெல்ப்பரின் விரல் எகிறியது. உயர்த்தியதில் ஜாயின்ட் எப்போதும் தன் கோணத்தின் கடைசியில் நின்று தேய்ந்திருக்கிறது. "மொதல்ல இதை மாத்திக்கலாமுங்க. அப்புறம் நீங்க வழக்கமா ஏத்துற உர மூட்டையப் பின்னால போட்டுக்கிட்டு வாங்க, டோ வெச்சுத் தரேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒருக்கா காட்டோணும். உங்க டயருக்கு மீட்டருல தொள்ளாயிரத்தி முப்பது வந்தாலே ஆயிரமுங்க" என்றார்.